பொம்மை ரயிலுக்கு நிஜ ரயிலின் நடை: தோட்டத்து மாடலாக மாற்றும் முழு வழிகாட்டி

பேட்டரியில் ஓடும் பெரிய பிளாஸ்டிக் ரயிலைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலே பொம்மை என்று தெரிந்துவிடும். காட்டிக்கொடுப்பவை மூன்று. அது ஓடும் வேகம், அதன் பளபளப்பு, ஓரங்களின் தடிமன். ஜன்னல் சட்டமும் கூரை விளிம்பும் மூன்று மி.மீ. கனத்தில் இருந்தால், எத்தனை சின்னச் சின்ன பாகங்களை ஒட்டினாலும் அது அலங்காரம் செய்த பொம்மைதான். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு கழிப்பது, மெலிதாக்குவது, மெதுவாக்குவது. புதிதாகச் சேர்ப்பது கடைசிக் கால் பங்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பித்தளை மணியும் விளக்கும் பொருத்திய பிறகு, ரயில் வளைவில் சீறிக்கொண்டு கவிழ்வதைப் பார்க்கிறார்கள்.

எந்தப் பொம்மை தேறும்

முதல் அளவு தண்டவாள இடைவெளி. இரு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு இடையே வெர்னியர் அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். தோட்ட ரயிலில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 45 மி.மீ. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த வரிசைதான் இந்த அளவைத் தோட்டங்களில் பரவச் செய்தது. பொம்மை 45 மி.மீ. என்றால் வேலை பாதி குறைந்தது. சில பொம்மைகள் 50 மி.மீ. அருகில் இருக்கும். அவற்றின் மேல்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு அடிச்சட்டத்தை மாற்ற வேண்டும். அந்த இஞ்சின் சக்கரங்களை அச்சில் உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அச்சோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் தள்ள முடியாது.

இரண்டாவது, பிளாஸ்டிக்கின் இனம். இதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். கண்ணில் படாத உள்பக்கத்திலிருந்து நகக்கண் அளவு துண்டு ஒன்றை வெட்டி, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு எல்லாத் துண்டும் மிதக்கும். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன். அதில் பசையும் பெயின்டும் நிற்காது, வெயிலில் உரிந்து வரும். அந்தப் பொம்மையைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். துண்டின் மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் பிசுபிசுவென்று இளகும். இவை இரண்டும் நன்றாக ஒட்டும், செதுக்கவும் வளையும்.

மூன்றாவது, கதவின் உயரம். பொம்மை வந்த அட்டைப்பெட்டியின் மேல் எந்த அளவுவிகிதம் (நிஜத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்ற கணக்கு) அச்சிட்டிருந்தாலும் அதை நம்ப வேண்டாம். இஞ்சின் கேபினின் கதவு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நிஜக் கதவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1:20.3 விகிதத்தில் 94 மி.மீ., 1:22.5இல் 84, 1:24இல் 79, 1:29இல் 66, 1:32இல் 59 மி.மீ. வரும். உங்கள் பொம்மையின் கதவு எதற்கு அருகில் இருக்கிறதோ அதுவே அதன் விகிதம். இனி வரும் எல்லாப் பாகத்துக்கும் அந்த ஒரே விகிதம்தான். 1.7 மீட்டர் உயர டிரைவர் 1:22.5இல் 76 மி.மீ. இருப்பார். 54 மி.மீ. பொம்மையை அந்தக் கேபினில் நிறுத்தினால் பள்ளிச் சிறுவன் ரயில் ஓட்டுவது போலிருக்கும்.

45 மி.மீ. தண்டவாளம் ஒன்றாக இருக்க விகிதம் மட்டும் இப்படி ஏன் மாறுகிறது? 1:32இல் அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜை, அதாவது நிஜ ரயிலின் அந்தத் தண்டவாள இடைவெளியைக் குறிக்கும். 1:22.5இல் மீட்டர் கேஜ். 1:20.3இல் மூன்றடி கேஜ். பொம்மையிலிருந்து தொடங்குபவர்களுக்கு மீட்டர் கேஜும் மூன்றடி கேஜும்தான் கைகொடுக்கும். குட்டையான அடிச்சட்டம், பெரிய கேபின், தடித்த புகைபோக்கி எல்லாம் நிஜமான குறுகிய பாதை இஞ்சின்களிலேயே உண்டு. சர்க்கரை ஆலை, சுரங்கம், மரம் இழுக்கும் பாதை இவற்றில் ஓடிய இஞ்சின்களின் படங்களைப் பார்த்தால், பொம்மையின் பருமன் அங்கே இயல்பாகப் பொருந்துவது புரியும். விரைவு ரயில் இஞ்சின் போல் செய்த பொம்மையை நிஜமாக்குவது கடினம். அதன் நீளத்தைக் குறைத்துத்தான் பொம்மை ஆக்கியிருப்பார்கள், அந்த நீளத்தை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது.

பிரிப்பது

அடியிலுள்ள திருகுகளைக் கழற்றும்போது ஒரு முட்டை அட்டையை அருகில் வைத்து, கழற்றிய வரிசையிலேயே குழிகளில் போடுங்கள். பொம்மைகளில் வெவ்வேறு நீளத் திருகுகள் வரும். நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் மேல்கூட்டைத் துளைத்து வெளியே வரும். ஒயர்களை வெட்டுமுன் நிறத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூவும் ஒலிப்பலகை தனியாக இருந்தால் எடுத்து வையுங்கள், பின்னால் வேண்டுமா என்று யோசிக்கலாம். அதே பலகை மோட்டாரையும் இயக்கினால் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். அதை வைத்துக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது.

பல்சக்கரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பல்சக்கரத்தின் நடுத்துளை அருகே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உலோக அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் சக்கரங்கள் காலப்போக்கில் பிளக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘டிக்’ என்ற சத்தம், அல்லது மோட்டார் சுழன்றும் சக்கரம் நிற்பது, இரண்டுக்கும் காரணம் இதுதான். சூப்பர் குளூ விட்டு ஒட்டுவது பத்து நிமிட வைத்தியம். புதுப் பல்சக்கரம் போட வேண்டும், கிடைக்காவிட்டால் நடுக்குமிழின் மேல் இறுக்கமான பித்தளை வளையம் ஏற்ற வேண்டும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தாக்காது என்று குறித்த கிரீஸை மட்டும், பற்களின் மேல் தடவினாற்போல் வையுங்கள்.

சக்கரம்: தடம்புரள்வதும் புரளாததும் இங்கேதான்

பொம்மைச் சக்கரங்களின் விளிம்பு, அதாவது தண்டவாளத்தின் உள்பக்கம் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொள்ளும் பகுதி, மிக ஆழமாக இருக்கும். பொம்மைத் தண்டவாளத்தில் அது பாதுகாப்பு. தோட்டத் தண்டவாளத்தின் பாயிண்டில், அதாவது பாதை பிரியும் இடத்தில், அதே விளிம்பு அடித்தரையில் இடித்துத் துள்ளும். எனவே பெட்டிகளுக்குப் புதிய உலோகச் சக்கர ஜோடிகள் வாங்குவதே நல்லது. இந்த வேலையில் செலவு செய்யத் தகுந்த ஒரே பொருள் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நான்கு உலோகச் சக்கரங்கள் பெட்டியின் எடையில் நூறு கிராம் அளவுக்குச் சேர்க்கும், அதுவும் மிகத் தாழ்வான இடத்தில். ஓடும் சத்தமும் மாறிவிடும்.

அளக்க வேண்டியவை மூன்று. ஒரு அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடைவெளி 40 மி.மீ. சுற்றி இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்தும் காப்புத் தண்டவாளத்தில் சிக்கும். கூடினால் விளிம்பு வளைவில் தண்டவாளத்தின் மேல் ஏறும். ஒரே பெட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடம்புரண்டால், தண்டவாளத்தைத் திட்டுவதற்கு முன் இந்த அளவைப் பாருங்கள். அடுத்து அச்சின் விட்டம். 3 மி.மீ. அதிகம் காணப்படும், ஆனால் பொம்மையின் அச்சுத்துளை 4 மி.மீ. இருக்கலாம். அப்போது வெளிவிட்டம் 4, உள்விட்டம் 3 உள்ள பித்தளைக் குழாயை 5 மி.மீ. நீளத்துக்கு வெட்டித் துளையில் அடித்துவிட்டால் நல்ல தாங்கியாகிவிடும். மூன்றாவது சக்கர விட்டம். 36 மி.மீ. சக்கரத்தை எடுத்துவிட்டு 30 போட்டால் வண்டி 3 மி.மீ. இறங்கும், வண்டிகளை இணைக்கும் கப்ளிங்கும் அதே அளவு இறங்கும். மறந்தால் பின்னால் இடிக்கும்.

அச்சு இறுக்கமாக இல்லாமல் பக்கவாட்டில் அரை முதல் ஒரு மி.மீ. நகர வேண்டும். சோதிக்க, ஒரு மீட்டர் நேர்த் தண்டவாளத்தின் ஒரு முனையை 3 செ.மீ. தூக்கி வையுங்கள். தள்ளாமலே பெட்டி உருள வேண்டும். உருளாத பெட்டியை ரயிலில் சேர்த்தால் இஞ்சின் அந்தச் சுமையை ஒவ்வொரு வளைவிலும் இழுக்கும்.

இரட்டை அச்சுப் பெட்டி மேடுபள்ளத்தில் மூன்று சக்கரத்தில் நின்று நான்காவதைத் தூக்கும். ஒரு அச்சின் தாங்கித் துளைகளை மட்டும் மேல்பக்கம் ஒரு மி.மீ. நீளும்படி அரத்தால் விரித்துவிடுங்கள். அடியில் தனியாகச் சுழலும் நான்கு சக்கரச் சட்டங்கள் (போகிகள்) இரண்டு கொண்ட நீளப் பெட்டியில் இதையே வேறு விதமாகச் செய்யலாம். ஒரு போகியின் திருகைச் சுழல மட்டும் விட்டு இறுக்குங்கள், மற்றதன் திருகைத் தளர்த்தி ஆட விடுங்கள். இரண்டும் ஆடினால் பெட்டி குடித்தவர் போல் சாயும். இரண்டும் இறுகினால் தடம்புரளும்.

கப்ளிங்

பொம்மையின் கொக்கி கட்டைவிரல் பருமனில் இருக்கும். அறுத்து எடுத்துவிடுங்கள். மடங்கிய விரல் போல் மூடும் நக்கிள் கப்ளிங்கோ, கொக்கி–வளையமோ எதைப் போட்டாலும், எல்லா வண்டிக்கும் ஒரே உயரம் என்பது மட்டும் விதி. தண்டவாளத்தின் தலையிலிருந்து கப்ளிங்கின் நடுப்பகுதிக்கு நீங்கள் தேர்ந்த உயரத்தில் ஒரு மரத்துண்டில் ஆணி அடித்து, அந்தத் துண்டைத் தண்டவாளத்தில் நிறுத்தி ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். இரண்டு மி.மீ. வித்தியாசம் சமதரையில் தெரியாது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் கழன்று, பின்பாதி ரயில் தனியாகத் திரும்பி வரும்.

வேகம், மோட்டார், பேட்டரி

குறுகிய பாதை ரயில் மணிக்கு 25 கி.மீ. ஓடுகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 6.9 மீட்டர். 22.5ஆல் வகுத்தால் விநாடிக்கு 31 செ.மீ. அதாவது 3 மீட்டர் தூரத்தைக் கடக்கப் பத்து விநாடி. 60 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை ஒரு முறை சுற்ற 12 விநாடி. இதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தவுடன் ‘இவ்வளவு மெதுவாகவா’ என்றுதான் தோன்றும். மாற்றாத பொம்மை அதே 3 மீட்டரை 4 விநாடியில் கடந்தால், அது மணிக்கு 60 கி.மீ. ஓடுவதற்குச் சமம். பெயின்ட் வேலையே செய்யாத பொம்மையைக்கூட மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அதன் எடை கூடிவிட்டது போல் கண்ணுக்குத் தெரியும்.

மெதுவாக்க மூன்று வழிகள், கஷ்டம் ஏறும் வரிசையில்.

எளிய வழி டயோடு. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தில் தொடராக ஒரு சாதாரண சிலிக்கன் டயோடைச் சேர்த்தால் சுமார் 0.7 வோல்ட் குறையும். மூன்று டயோடு இரண்டு வோல்ட்டுக்கு மேல் குறைக்கும். 3 ஆம்பியர் தாங்கும் ரகமாக எடுங்கள். முன்–பின் மாற்றும் சுவிட்ச் இருந்தால் டயோடுகளை பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடையில் போட வேண்டும். மோட்டார் பக்கம் போட்டால் பின்னோக்கி ஓடாது. இதன் குறை, மின்னழுத்தம் குறைந்தால் விசையும் குறையும். தனியாக ஓடும் இஞ்சின் மூன்று பெட்டி மாட்டியதும் ஏற்றத்தில் நின்றுவிடும்.

அடுத்தது துடிப்பு முறையில் வேகம் மாற்றும் கட்டுப்படுத்தி. முழு மின்னழுத்தத்தையே துண்டுதுண்டாக விடுவதால் மெதுவான வேகத்திலும் விசை தங்கும். ரிமோட் வேண்டுமானால் ரேடியோ கார்களுக்கான பிரஷ் மோட்டார் கட்டுப்படுத்தியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் கருவியும் பொருந்தும், பத்து ஆம்பியர் ரகம் தாராளம். ஆனால் கார்க் கட்டுப்படுத்திகள் பலவற்றில் குச்சியைப் பின்னால் இழுத்தால் முதலில் பிரேக் பிடிக்கும், இரண்டாம் முறை இழுத்தால்தான் பின்னோக்கிப் போகும். ரயிலுக்கு அது தொல்லை. நேரடியாகப் பின்னோக்கும், பிரேக்கை அணைக்க முடிகிற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்குள் உரசும் பிரஷ்களில் எழும் தீப்பொறி ரேடியோவைக் கெடுக்கும். மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று பற்றவையுங்கள். ரயில் தானாகத் துடித்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சிறந்த வழி மோட்டாரையே மாற்றுவது. பல்சக்கரப் பெட்டியோடு வரும் கியர் மோட்டாரை அச்சுக்கு நேராக இணைத்துவிட்டால் பொம்மையின் பழைய பல்சக்கரங்களே வேண்டாம். எத்தனை சுற்று தேவை? 30 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 94 மி.மீ. விநாடிக்கு 31 செ.மீ. போக நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று. 40 மி.மீ. சக்கரம் என்றால் 150. சுமையில் வேகம் விழும் என்பதால் வெறுமனே ஓடும்போது 250 முதல் 300 சுற்று உள்ள மோட்டாரை எடுத்தால் சரியாக அமையும். 12 மி.மீ. அகலமுள்ள குட்டி மோட்டார்கள் சின்ன இஞ்சினுக்கும் இரண்டு பெட்டிக்கும் போதும். இடமிருந்தால் 25 மி.மீ. விட்ட மோட்டார் நீண்ட நாள் உழைக்கும்.

பேட்டரி மோட்டாருக்கு ஏற்றதாக இருக்கட்டும். 6 வோல்ட் மோட்டாருக்கு ஆறு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், மொத்தம் 7.2 வோல்ட், கவலையற்ற தேர்வு. 12 வோல்ட் மோட்டாருக்கு 18650 லித்தியம் செல்கள் மூன்று தொடராக. பெயரளவில் 11.1, நிறைந்தால் 12.6 வோல்ட். இதை 6 வோல்ட் பொம்மை மோட்டாரில் நேராகக் கொடுத்தால் சில சுற்றுகளிலேயே கருகும். லித்தியத்துக்குப் பாதுகாப்புப் பலகையும் அதற்கே உரிய சார்ஜரும் கட்டாயம். பேட்டரியின் நேர்முனையிலேயே, முதல் ஒயரில், 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வெயிலில் நிறுத்திய கறுப்பு இஞ்சினுக்குள் சூடு கடுமையாக ஏறும். ஓட்டி முடித்ததும் உள்ளே கொண்டுவந்து, ஆறிய பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும். 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, அரை ஆம்பியர் எடுக்கும் இஞ்சினை ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஓட்டும்.

பேட்டரி கனமான பொருள் என்பது ஒரு வசதி. அதை ஓட்டும் சக்கரங்களுக்கு நேர்மேலே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். அதற்கும் மேல் எடை வேண்டுமானால் இரும்புத் துண்டுகளை எபாக்சிப் பசையில் பதிக்கலாம். எவ்வளவு போதும்? இஞ்சினைக் கையால் பிடித்து நிறுத்தி மெல்ல வேகம் கொடுங்கள். சக்கரங்கள் வழுக்கிச் சுழல வேண்டும். வழுக்காமல் மோட்டார் முனகி நின்றால் எடை அதிகம், மோட்டார் எரியும்.

மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கும் முறையும் உண்டு. தோட்டத்தில் பித்தளைத் தண்டவாளம் கறுக்கும், ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். பொம்மையில் பேட்டரிக்கு ஏற்கெனவே இடம் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

மேல்கூடு: முதலில் அறுப்பது

வார்ப்பில் வந்த கைப்பிடிகள், ஒட்டிய கரிக்குவியல், திருகுக் குழிகள், ‘ஆன்–ஆஃப்’ எழுத்துகள் எல்லாவற்றையும் கூர்மையான உளியால் சீவி எடுங்கள். உளி உடல் பக்கம் சாயாமல் படுக்கையாக இருக்கட்டும். குழிகளைப் புட்டியால் அடைத்து, 240 எண் உப்புத்தாளில் தொடங்கி 600 வரை தேய்க்கவும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

பிறகு ஓரங்கள். ஜன்னல், கதவுத் திறப்பு, கூரை நுனி, தண்ணீர்த்தொட்டியின் மேல்விளிம்பு ஆகியவற்றை உள்பக்கத்திலிருந்து சாய்வாக அரத்தால் ராவுங்கள். சுவர் 3 மி.மீ. கனமாகவே இருக்கும், வெளியே தெரியும் விளிம்பு மட்டும் அரை மி.மீ. ஆகிவிடும். கண் விளிம்பைப் பார்த்துத்தான் கனத்தை ஊகிக்கிறது. அலுப்பூட்டும் வேலை, ஒரு கேபினுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஆனால் இவ்வளவு பலன் தரும் வேறு வேலை மேல்கூட்டில் இல்லை.

குரோம் முலாம் பூசிய பாகங்களை வீட்டு பிளீச்சில் ஊறவைத்தால் முலாம் கரைந்துபோகும். கையுறை போடுங்கள், பிளீச்சோடு வேறெந்தத் துப்புரவுத் திரவமும் கலக்காதீர்கள்.

சேர்ப்பதற்கு வருவோம். நிஜக் கைப்பிடி சுமார் 30 மி.மீ. தடிமன், ஆகவே 1:22.5இல் 1.2 மி.மீ. பித்தளைக் கம்பி பொருந்தும். துளையிட்டு, கம்பியை வளைத்து, உள்பக்கம் எபாக்சி வையுங்கள். சூப்பர் குளூ மட்டும் விட்டால் முதல் தடவை தூக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வரும். கொதிகலனைச் சுற்றும் பட்டைகளுக்கு 2 மி.மீ. அகலத்தில் வெட்டிய கால் மி.மீ. பாலிஸ்டைரீன் தகடு. ஜன்னலுக்கு ஒரு மி.மீ. கண்ணாடி அக்ரிலிக், பெயின்ட் எல்லாம் முடிந்த பின். இதைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் வெள்ளைப் புகைபோல் மூடும், தெளிவாகக் காயும் வெள்ளைப் பசையே நல்லது. கரிக்கு நிஜக் கரியையே நொறுக்கி, 3 முதல் 6 மி.மீ. துண்டுகளாகச் சலித்து, தண்ணீர் கலந்த பசையில் ஒட்டுங்கள்.

டிரைவர் இல்லாத இஞ்சின் பேய் ஓட்டுவது போலிருக்கும். ஒருவரையாவது ஏற்றுங்கள், பாதையைப் பார்த்து நிற்கும் பாவனையில். கேமராவைப் பார்த்துக் கையசைக்கும் உருவம் வேண்டாம்.

பெயின்ட்

சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, சாம்பல் நிற பிரைமர் அடியுங்கள். சாம்பல் நிறம் புட்டி விட்ட குறைகளையெல்லாம் காட்டிக்கொடுக்கும், அதற்காகத்தான் அந்த நிறம். ஸ்பிரே கேன் என்றால் 20 முதல் 25 செ.மீ. தள்ளி, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, மெல்லிய மூன்று பூச்சு. ஒரே கனமான பூச்சில் ரிவெட் தலைகள் புதைந்துபோகும். ஈரமான மழை நாளில் அடித்தால் வெண்மை படரும். அக்ரிலிக்கின் மேல் வேறு வகைக் கரைப்பான் பெயின்டை அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கி மேலே வெடிக்கும். ஒரே குடும்பத்துப் பெயின்டையே கடைசி வரை பயன்படுத்துவது பாதுகாப்பு.

கறுப்பு இஞ்சினுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். வெளி வெளிச்சத்தில் அது ஓட்டை போல் தெரியும், ரிவெட்டும் பட்டையும் விழுங்கப்படும். அடர் சாம்பல் அடித்து, புகைப்பெட்டியை மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பாக்குங்கள். பிறகு, பழுப்பு கலந்த கறுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஒரு சொட்டு சோப்பு எனக் கலந்து முழுக்கப் பூசி, மேடான இடங்களை உடனே துணியால் துடைத்துவிடுங்கள். நீர் இடுக்குகளில் தங்கி அழுக்காகக் காயும். அடுத்து, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷில் வெளிர் சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் தேய்த்தால் உலோகம் தேய்ந்த தோற்றம் வரும். அழுக்குக்கு ஒரு தர்க்கம் உண்டு. சக்கரங்களுக்கு அருகே மண் நிறம், புகைபோக்கியைச் சுற்றிக் கரி, தண்ணீர் ஊற்றும் மூடியின் கீழே ஒழுகிய தடம். துரு எங்கும் பரவலாகப் படர்ந்தால் அது கைவிடப்பட்ட இஞ்சின், ஓடும் இஞ்சின் இல்லை.

கடைசியாக, புற ஊதாவைத் தாங்கும் மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு. பளபளப்பு போவதும் வெயிலில் நிறம் நிற்பதும் இதனால்தான். சக்கரத்தின் ஓடுதளத்திலும் அச்சிலும் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டிகளுக்கும் இதே முறை. சரக்குப் பெட்டி மிக எளிது: மர வேலைப்பாடு வார்ப்பில் இருந்தால், பலகைகளை ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்ட நிறத்தில் தொட்டுவிட்டாலே போதும். பயணிகள் பெட்டிக்கு உள்ளே இருக்கைகளும் ஆட்களும் வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னல் வழியே மறுபக்கத்துப் புல் தெரியும்.

தோட்டத்தில் பாதை

பொம்மையோடு வந்த பிளாஸ்டிக் தண்டவாளம் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கும். புற ஊதாவைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளோடு வரும் பித்தளை அல்லது அலுமினியத் தண்டவாளம் வேண்டும். பேட்டரி ரயிலுக்கு அலுமினியம் தாராளமாகப் போதும், ஆனால் மிதித்தால் வளையும்.

20 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, களைத்தடுப்புத் துணி விரித்து, நொறுக்கிய கல்லால் நிரப்பித் திமிசு போடுங்கள். மேல் 4 செ.மீ. மட்டும் 3 முதல் 6 மி.மீ. பொடி ஜல்லி, கல்தூளோடு சேர்த்து. கூழாங்கல் வேண்டவே வேண்டாம். உருண்டைக் கற்கள் ஒன்றையொன்று பிடிக்காது, பாதை ஒவ்வொரு மழைக்கும் நகரும். கூர்முனை ஜல்லி தூளோடு சேர்ந்து நனைந்து காய்ந்தால் இறுகும். மழைநீர் பாதையைக் கடக்கும் இடத்தில் அடியில் ஒரு 40 மி.மீ. குழாய் பதித்துவிடுங்கள்.

குறுக்கே ரசமட்டம் காட்ட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. நீளவாக்கில் ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ. வரை நல்லது. 4 செ.மீ. என்றால் மாற்றிய பொம்மை திணறும். ஏற்றம் தொடங்கும் இடத்தைச் சட்டென்று மடிக்காமல் அரை மீட்டராவது படிப்படியாக உயர்த்துங்கள், கப்ளிங் கழல்வது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான். வளைவின் ஆரம் 60 செ.மீ. இருந்தால் இரட்டை அச்சு வண்டிகள் ஓடும். பார்வைக்கு அழகு 1.2 மீட்டரில் ஆரம்பிக்கிறது. இடவளைவு முடிந்த உடனே வலவளைவு வந்தால் இடையில் மிக நீளமான பெட்டியின் நீளத்துக்காவது நேர்த்துண்டு போடுங்கள்.

தண்டவாளத்தைத் தரையோடு இறுக்கிப் பிணைக்காதீர்கள். 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 10 மீட்டர் பித்தளை ஏழரை மி.மீ. நீளும், அலுமினியம் 9 மி.மீ. நீளும். போக இடமில்லாவிட்டால் பாம்பு போல் நெளியும். ஜல்லியில் மிதக்க விட்டு, குளிர்ந்த காலையில் பதித்தால் இணைப்புகளில் அங்கங்கே ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள், உச்சி வெயிலில் பதித்தால் விட வேண்டியதில்லை.

முதல் ஓட்டம்

மேல்கூடு இல்லாமல் அடிச்சட்டத்தை மட்டும் பத்து நிமிடம் முன்னும் பத்து நிமிடம் பின்னும் ஓட்டுங்கள். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாத சூடென்றால் எங்கோ இறுக்கம். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஐந்தையும் ஒன்றாக மாட்டினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ரயிலைப் பின்னோக்கித் தள்ளும் சோதனை கடுமையானது. முன்னால் இழுக்கும்போது ஒளிந்திருந்த கப்ளிங் கோளாறும், லேசான பெட்டியும் அப்போது வெளியே வரும். தள்ளும்போது நடுப்பெட்டி வெளியே பிதுங்கினால் அதன் எடையைக் கூட்டுங்கள். வளைவின் உள்பக்கம் சாய்ந்து விழுந்தால் எடை உயரத்தில் இருக்கிறது, கூரையைக் குடைந்து மெலிதாக்கி, தரையில் இரும்பு வையுங்கள். ஒரே இணைப்பில் எல்லா வண்டியும் துள்ளினால் தண்டவாள முனையில் பிசிறு இருக்கும், அரத்தால் இரண்டு இழுப்பு போதும். வெவ்வேறு இடத்தில் ஒரே வண்டி துள்ளினால் அதன் அச்சு கோணலாக இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன் கையில் ஒரு பிரஷோடு பாதையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பாயிண்டின் நாக்கில் சிக்கிய ஒரு ஜல்லிக்கல்லும் தண்டவாளத்தின் மேல் ஊரும் நத்தையும் ரயிலுக்குப் பாறைதான்.